மங்காவின் உடல்நிலை

நூற்றுத் தொண்ணூற்று மூன்று. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நிற்கும் கலங்கரை விளக்கத்தின் படிகள் இத்தனை. வாசல் பலகை நூற்றுத் தொண்ணூறு என்கிறது. அந்தப் பலகையை எழுதச் சொன்ன அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தபடி எண்ணியவர். ஏறி எண்ணியவள் என் மனைவியின் தங்கை. ஒரு நாளைக்கு நான்கு தடவை, வாரத்துக்கு ஆறு நாள், வருடக்கணக்காக. விட்டுப்போன மூன்று படிகள் பலகைக்குத் தெரியாது. அவள் முட்டிக்குத் தெரியும்.

தெருவில் அவள் பெயர் லைட்டக்கா. வீட்டில் 'சின்னது'. ஐம்பது தாண்டியும் சின்னதுதான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. விளக்கத்தில் துப்புரவு வேலைக்குத்தான் சேர்ந்தாள். படியைக் கூட்ட வேண்டும், கைப்பிடியைத் துடைக்க வேண்டும், உச்சியில் ஆளைவிட உயரமான கண்ணாடிக் கூண்டில் விரல் பதிந்த இடங்களைத் துணியால் தேய்க்க வேண்டும். அப்போது வழிகாட்டி என்று ஓர் ஆள் இருந்தார். இருந்தார் என்றால் வருகைப் பதிவேட்டில் இருந்தார். அதனால் பார்க்க வந்தவர்கள் துடைப்பத்தோடு நின்றவளைப் பிடித்துக்கொண்டார்கள். இதை எப்போது கட்டினார்கள், மேலே யார் இருந்தார்கள், விளக்கை எப்படி ஏற்றினார்கள் என்று கேட்டார்கள். தெரியாது என்ற வார்த்தை அவள் வாயில் வராது. அது என் மாமனார் வீட்டு வியாதி.

பதில் தேடித்தான் அடித்தளத்தில் இருந்த பழைய எண்ணெய் அறையின் அலமாரியைத் திறந்தாள். உள்ளே பத்தொன்பது நோட்டுகள் இருந்தன. மின்சாரம் வருவதற்கு முன்னால் அங்கே விளக்குக்காரராக இருந்த ஒருவர், வருடத்துக்கு ஒன்றாக, ஒருநாள் விடாமல் எழுதியவை. நீட்டி நெளித்த பழங்காலத்துக் கையெழுத்து. இவள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் நோட்டுமாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். அந்த வழிகாட்டி ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை இவளுக்குத் தரச் சொல்லி எங்கள் துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஒரு மனுவும் இரண்டு நோட்டீசும் போட்டது. "துடைத்த கை சுட்டிக்காட்டாதா?" என்பது நோட்டீசின் தலைப்பு. எழுதியது நான்தான். வேலை கிடைத்தது.

அதற்கப்புறம் விளக்கத்துக்குக் கூட்டம் வந்தது. கடலைப் பார்க்க வந்த கூட்டம் என்று அலுவலகம் நினைத்துக்கொண்டது. கடல் கீழேயிருந்தே தெரியும். கூட்டம் வந்தது மங்காவுக்காக.

மங்கா விளக்குக்காரரின் மனைவி. மூன்றாவது திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. கூட்டத்தை அங்கே நிறுத்தி, மூச்சு வாங்க விட்டு, லைட்டக்கா ஆரம்பிப்பாள்.

"இங்கதாங்க மங்கா ஒக்காந்திருப்பா. ஒடம்பு முடியாத பொண்ணு. அந்த மனுஷன் எத்தனையோ வேலைக்கு நடுவுல தினமும் எழுதறாரு, மங்கா நிலை நன்று, மங்கா நிலை நன்றுன்னு. ஒருநாள் காத்து பலமா அடிக்குது. அன்னிக்கு என்ன எழுதறாரு? மங்கா நிலை, தள்ளாட்டம். காத்தடிச்சா தள்ளாடற அளவுக்கு மெலிஞ்சு போயிட்டாங்க பாவம். அப்புறம் ஒருநாள், புதுக் கண்ணாடி வந்தது, மங்கா நிலை தெளிவு. பொண்டாட்டிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிப் போட்டிருக்காரு! அந்தக் காலத்துல எந்தப் புருஷன் வாங்கிக் குடுத்தான்? சொல்லுங்க!"

இந்த இடத்தில் பெண்கள் தங்கள் கணவன்மாரைத் திரும்பிப் பார்ப்பார்கள். கணவன்மார் கடலைப் பார்ப்பார்கள்.

"மழைக்காலத்துல ரொம்ப மோசமா போச்சு. தலை கத்தரித்தேன், மங்கா நிலை அமைதின்னு எழுதறாரு. ஜுரத்துல முடிய வெட்டிட்டாங்க. ஆனா கடைசி நோட்டு, கடைசிப் பக்கம் பாருங்க. மங்கா நிலை நன்று, சாவியை ஒப்படைத்தேன். அவ்வளவுதான். பத்தொம்பது வருஷம் பாத்துப் பாத்துப் பொழைக்க வச்சு, கையப் புடிச்சுக் கீழ கூட்டிட்டுப் போயிட்டாரு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். வாசலில் சாவிக்கொத்து விற்கிறவர் 'மங்கா' என்று பொறித்த சாவிக்கொத்து போட்டுவிட்டார். வயதுக்கு வந்த பிள்ளைகளைக் கூட்டிவந்து, கல்யாணம்னா இதுதான் என்று காட்டிய அப்பன்களும் உண்டு.

இப்படிப் பதிமூன்று வருடம் ஓடிய பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனி வாசலில் ஹெட்போன் தருவார்கள். பொத்தானை அமுக்கினால் அதுவே பேசும். வழிகாட்டிப் பணியிடம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி நேரில் வந்து கேட்பார். அதற்குமுன் வழிகாட்டி தான் சொல்வதையெல்லாம் ஆதாரத்தோடு எழுதித் தர வேண்டும். கடிதத்தின் பொருளைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். வேலை போகப் போகிறது. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு மறுபடி துடைப்பத்தைக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள். அவள் கணவர் படகுப் பட்டறையில் முதுகை ஒடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் முட்டிதான் சம்பாதிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையில் சாப்பாடு இல்லை, நான்கு நோட்டுகள்.

"மாமா, எழுதிக் குடுங்க. நான் பேசறது வாய்ல நிக்கும், பேப்பர்ல நிக்காது."

"ஆபீஸ் நோட்ட வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தியாடி?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி.

"நாளைக்கே வச்சிடுவேன். நீ வெங்காயத்தப் பாரு."

நான் நோட்டைத் திறந்தேன். பக்கத்துக்கு ஐந்து பத்தி. தேதி. காற்று. எண்ணெய். வேலை. ஐந்தாவது பத்தியின் தலைப்பு: மங்கா நிலை.

ஒவ்வொரு பக்கத்திலும் அதே தலைப்பு, அதே இடத்தில். எந்த மனிதன் மனைவியின் உடம்புக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பத்தி ஒதுக்குவான்? இருபத்தாறு வருடம் நோட்டீஸ் எழுதியவனுக்கு அந்த வார்த்தை பழைய சிநேகிதம். செத்துப்போன ஒவ்வொரு தோழருக்கும் 'மங்காப் புகழ்' என்று நான்தான் போட்டிருக்கிறேன். மங்காத புகழ். மங்காத நிலை. விளக்கு விடிய விடிய மங்காமல் எரிந்ததா என்று எழுதுவதற்கான பத்தி அது.

புரட்டிப் பார்த்தேன். காற்றடித்தால் தள்ளாடியது தீபம். புதுக் கண்ணாடி என்றது விளக்கின் கண்ணாடி. தலை கத்தரித்தது திரிக்கு.

"சின்னது," என்றேன். "கொஞ்சம் ஒக்காரு."

"ஒக்காந்துதான் இருக்கேன்."

"மங்கா பொம்பள இல்ல."

"ஆம்பளையா?"

"விளக்கு."

விளக்கினேன். பத்து நிமிடம் ஆயிற்று. அவள் ஒரு நோட்டை இழுத்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக உதட்டை அசைத்துப் படித்தாள். அடுத்ததை இழுத்தாள். முகம் சிவந்துகொண்டே வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பதிமூணு வருஷம் மாமா!" என்று கத்தினாள். "பதிமூணு வருஷமா விளக்குக்கு ஜுரம்னு சொல்லி ஜனங்கள அழ வச்சிருக்கேன்! ஒரு வாத்தியார் என் கையப் புடிச்சுக்கிட்டுத் தேம்பினாரு!"

என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "அப்ப அந்த ஆளுக்குப் பொண்டாட்டியே இல்லயா?"

"இருந்திருக்கலாம். நோட்ல இல்ல."

"பத்தொம்பது வருஷம் தினமும் எழுதினவன் பொண்டாட்டியப் பத்தி ஒரு வரி எழுதலயா? அதான பாத்தேன். இப்பதான் நெஜமான புருஷன் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லைட்டக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கலாக வெளியே வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"என்ன பண்றது மாமா?"

என் தொழிலில் இதற்கு ஒரே பதில்தான். "ஒத்துக்காத. விசாரணைல எதையும் ஒத்துக்கக் கூடாது. மங்கா கதைய இந்த ஒரு தடவ விட்டுடு. எப்பக் கட்டினாங்க, எவ்வளவு ஒசரம், எப்படி எரிஞ்சுது, அத மட்டும் சொல்லு. அந்த ஆளு போனப்புறம் பாத்துக்கலாம்."

சரி என்றாள். மூன்று பக்கத்தில் வறண்ட உரை ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி வந்த காலையில் நானும் போனேன். வாழ்நாள் முழுக்க அந்த விளக்கத்தின் நிழலில் வேலை செய்தவன், அன்றுதான் முதல் தடவையாக உள்ளே ஏறுகிறேன். அதிகாரி என் மகன் வயது. கழுத்தில் மாதிரிக்கு ஒரு ஹெட்போன், கையில் ஒரு படிவம். அதனால் அவர் பெயர் ஹெட்போன்காரர் என்றாகிவிட்டது. டிக்கெட் எடுத்த கூட்டம் பதினைந்து பேர் இருக்கும்.

லைட்டக்கா நான் எழுதியதை ஒப்பித்துக்கொண்டே ஏறினாள். கோபுரத்தின் நடுவில் கீழிருந்து மேல்வரை கிணறு மாதிரி ஒரு வெற்றுக்குழி. அதில் சங்கிலி கட்டிய இரும்புக் குண்டு ஒன்று மெல்ல இறங்கும், அது இறங்க இறங்க மேலே கண்ணாடிக் கூண்டு சுற்றும், குண்டு அடியைத் தொடும் முன்னால் விளக்குக்காரர் மறுபடி அதைச் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, விடியும்வரை. எண்ணெயையும் தோளில்தான் தூக்கிப் போக வேண்டும். இது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆளுக்குச் சங்கம் இருந்திருந்தால் இரண்டாவது ஆள் கேட்டு வாங்கியிருப்போம். ஆனால் கூட்டம் கொட்டாவி விட்டது. ஹெட்போன்காரர் படிவத்தில் எதையோ எழுதினார். நான் அறுபதாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உலக நடப்பை யோசிப்பதுபோல் நின்றேன்.

மூன்றாவது திருப்பத்தில் ஜன்னலைத் தாண்டி அவள் நிற்காமல் போனாள். பின்னாலிருந்து ஒரு பருத்த அம்மாள் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, மங்கா எங்க?"

"அது... இன்னிக்கு இல்லீங்க."

"இல்லன்னா? லீவா? என் தங்கச்சி படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினா, மங்கா கதைய கேக்காம எறங்காதன்னு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் என்ன காத்து வாங்கவா ஏறினேன்?"

கூட்டம் விழித்துக்கொண்டது. மங்கா யாரு, மங்கா யாரு என்று படி படியாகக் கேள்வி இறங்கியது. ஹெட்போன்காரர் நிமிர்ந்தார். "யாருங்க மங்கா? நீங்க எழுதிக் குடுத்ததுல அப்படி யாரும் இல்லியே?"

நான் கீழே இருந்து கண்ணாலேயே சொன்னேன். ஒத்துக்காதே.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த அம்மாளின் முட்டியைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் திட்டில் உட்கார்ந்தாள்.

"பதிமூணு வருஷமா இந்த எடத்துல ஒரு கதை சொல்றேங்க. மொதல்ல அத அப்படியே சொல்றேன். அப்புறம் ஒண்ணு சொல்றேன், நீங்க என்னைய அடிக்கக் கூடாது."

சொன்னாள். தள்ளாட்டம், மூக்குக்கண்ணாடி, தலைமுடி, ஒன்று விடவில்லை. பருத்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொன்னாள். ஆம்பளையா என்று கேட்டது உட்பட.

பிறகு அந்த அம்மாள் படியில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஓர் ஆள் சுவரில் சாய்ந்து, "விளக்குக்கு மூக்குக்கண்ணாடி, விளக்குக்கு மூக்குக்கண்ணாடி" என்று முனகிக்கொண்டிருந்தார். குழிக்குள் விழுந்த சிரிப்பு மேலும் கீழும் போய்வந்தது. அந்தக் கட்டடம் அத்தனை சிரிப்பை முன்னால் கேட்டிருக்காது.

ஹெட்போன்காரர் சிரிக்கவில்லை.

விளக்கறைக்குப் போனதும் கூட்டத்தைச் சுற்றுத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டு அவளை நிறுத்தினார். நானும் போகாமல் நின்றேன். "நீங்க யாரு?" என்றார். "மூச்சு வாங்கற ஆளு," என்றேன். உண்மைதான். விட்டுவிட்டார்.

"ஆக, பதிமூணு வருஷமா தப்பான தகவல்."

"ஆமாங்க சார்."

"இத நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார். நடந்ததுதான்."

அவர் பேனாவைத் திறந்தார். வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. எந்த மனு, எந்தப் பத்திரிகை, யார் வீட்டு வாசல் என்று மனதுக்குள் வரிசை போட ஆரம்பித்தேன்.

"அந்த நோட்டுங்க," என்றார் எழுதிக்கொண்டே. "ஹெட்போனுக்குக் குறிப்பெடுக்க நாங்களும் ஒருத்தர அனுப்பினோம். ரெண்டு நோட்டு பாத்தாரு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, கண்ணு வலிக்குதுன்னு போயிட்டாரு. நீங்க எத்தன பாத்தீங்க?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"பத்தொம்பதும். சிலத ரெண்டு தடவ."

பேனா நின்றது. "ஏன்?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? மங்காவுக்கு என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமா?"

அவர் அவளையே பார்த்தார். சோதித்துவிடுவது என்று முடிவு செய்தவர்போல, "விளக்கு மங்கின நாள் எதுனா உண்டா அதுல?" என்றார்.

"உண்டு சார். ஏழாவது நோட்ல ஒருநாள் எண்ணெயில தண்ணி கலந்து வந்துது. நெலைக்கண்ணாடி ஏத்திட்டு வந்த கப்பல் தரை தட்டி நின்னது அன்னிக்குத்தான். இந்த ஊர்ல பாதி வீட்ல ஒரே மாதிரி ஆளுயரக் கண்ணாடி இருக்குமே, அதெல்லாம் அந்தக் கப்பல்ல வந்தது. பன்னெண்டாவது நோட்ல அவருக்கே ஒடம்பு முடியாம குண்ட நேரத்துக்குச் சுத்தல. அப்புறம் இன்னொண்ணு..." நெற்றியைச் சுருக்கினாள். "அது மட்டும் எனக்குப் புரிஞ்சதே இல்ல சார். மழை விட்ட அடுத்த நாள். மங்கா நிலை, அதுக்கு நேரா ஒரே ஒரு வார்த்த. ஈசல்."

"ஈசலா?"

"ஈசல். நானும் எவ்வளவோ யோசிச்சேன். ஈசல் தின்னு வயித்துக்கு ஆகலயோ, காதுக்குள்ள போயிடுச்சோன்னு. ஜனங்களுக்கு அத மட்டும் சொல்றதில்ல." சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கூண்டைத் தொடப்போன கையை நிறுத்தினாள். வெளிக் கண்ணாடியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அய்யோ. சார். மழை விட்டா ஈசல் பொறப்படும். பத்து மைலுக்கு இது ஒண்ணுதான் வெளிச்சம். மொத்தமும் வந்து கண்ணாடிய மூடிடுச்சு சார்! இந்த மனுஷன் வெளிய போயி, இந்தத் தாழ்வாரத்துல நின்னு, விடிய விடிய தொடச்சிருக்காரு! அதனாலதான் மறுநாள் வேலைப் பத்தியில எழுதியிருக்காரு, துணி ஆறு, வாளி ரெண்டு, கை வரலைன்னு. அதும் எனக்குப் புரியாம இருந்துச்சு!"

அந்தக் கண்ணாடியை எத்தனையோ வருடம் துடைத்த கை அவளுடையது. தன் தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்த வலி தனக்கே வந்ததுபோல.

ஹெட்போன்காரர் சிரிக்கவில்லை என்று முன்னால் சொன்னேன். இப்போது சிரித்தார். சத்தமாக இல்லை. "கீழ ஸ்டோர் ரூம்ல பெட்டிங்க இருக்கே, பாத்திருக்கீங்களா?"

"சாவி எங்கிட்ட இல்ல சார்."

"முப்பத்தோரு பெட்டி. இவருக்கு முன்னாடியும் பின்னாடியும் இருந்தவங்க எழுதினது. யாரும் பிரிச்சதே இல்ல. உங்களால படிக்க முடியுமா?"

"படிக்கலாம் சார். ஆனா ஜனங்களக் கூட்டிட்டு ஏறி எறங்கின நேரம் போகத்தான்."

அப்போது என் மைத்துனி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிபந்தனை போடுவதற்கு நான் அவளுக்குச் சொல்லித் தரவே இல்லை.

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. நானே படித்துக் காட்டினேன். பெட்டிகள் அனைத்தும் சரிவரப் படித்து முடிக்கப்பட்ட பின்னரே ஹெட்போனுக்கான உரை தயாரிக்கப்படும். அதுவரை இப்போதுள்ள வழிகாட்டி பணியில் தொடர்வார். கீழே ஒரு வரி தனியாக: தவறான செய்தியைப் பரப்பியதற்காக அவர் கண்டிக்கப்படுகிறார். அந்த வரியை என் மனைவி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். சட்டம் போட்டு மாட்டலாம் என்றாள்.

கூட்டம் குறையவில்லை. மூன்றாவது திருப்பத்தில் இப்போதும் அழுகிறார்கள், சிரித்து அழுகிறார்கள். மேலே ஈசல் கதையைக் கேட்டு, இறங்கும்போது பேசாமல் இறங்குகிறார்கள். சாவிக்கொத்துக்காரர் மங்காவை மாற்றவில்லை. விளக்குக்கும் பெயர் வேண்டாமா என்கிறார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்தபோது கேட்டேன், படிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று. பத்தொன்பது நோட்டைச் சாப்பாட்டு நேரத்தில் விழுங்கியவள் ஆயிற்றே.

"அவசரமா படிச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா? விளக்குக்குக் கல்யாணம் ஆயிடும். ஒவ்வொரு வார்த்தையா, நிதானமாத்தான் பாக்கணும்."

"ரிட்டயர் ஆக எத்தன வருஷம் இருக்கு?"

"அஞ்சு."

"சரி. எத்தன பெட்டி முடிச்ச?"

ஒன்றேகால்.